ஒரு காதுகுத்தும் இரண்டு மூத்த மாமன்களும்

"பத்திரிகை அடிச்சாச்சும்மா! மூத்த தாய்மாமன் கிளெமென்ட்னு கொட்டை எழுத்துல போட்டு, பாதி ஊருக்குக் குடுத்தும் முடிச்சாச்சு. இப்ப வந்து மாத்துன்னா எங்குட்டுப் போயி மாத்துறது?"

"பேனாவால மாத்து. கடையிலதான் கயித்துல கட்டித் தொங்கவிட்டுருக்கேல்ல?"

"பேனாவால அடிச்சு எழுதுறதுக்கு இது என்ன ரேஷன் கார்டா?"

"ரேஷன் கார்டுலயும் அவன் பேரு இல்ல. பத்திரிகையிலயாவது இருக்கட்டும்!"

செபாஸ்தியம்மாள் சும்மா குரலை உயர்த்தினாலே தெருவில் மூன்று அடுப்புகள் அணையும். அன்றைக்கு ஆறு அணைந்தன. திண்டுக்கல்லில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தெருவில், மகன் கிளெமென்ட் நடத்தும் எஸ்.டி.டி. போன் பூத்தும் ஜெராக்ஸும் சேர்ந்த கடைக்கு முன்னால், 2002ஆம் வருஷம் ஜனவரியில் ஒரு காலை வேளையில் தாயும் மகனும் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். யாரும் விலக்கிவிடவில்லை. விலக்கிவிட்டால் அப்புறம் பார்ப்பதற்கு என்ன இருக்கும்?

விஷயம் இதுதான். கிளெமென்ட்டின் தங்கை ரீனாவை ஆத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தது. அவளுடைய மூன்று வயது மகள் ஷெரினுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொள்ள வேண்டும். மாமன் ஒன்றுக்கு மேல் இருந்தால் மூத்த மாமன் மடி. அதில் வேறு பேச்சே கிடையாது. ஒன்றரை வருஷம் முன்பு வரை ரீனாவுக்கு ஒரே அண்ணன்தான் என்பதால் இந்தச் சட்டத்தில் சிக்கல் ஏதும் வரவில்லை. இப்போது இரண்டு பேர் ஆகிவிட்டார்கள். அந்த இரண்டாமவன் சண்டைக்கு நடுவில், எதிர்வீட்டுப் பேச்சாயி கொடுத்த பருப்பு வடையைக் கையில் வைத்துக்கொண்டு, யார் பேசினாலும் அவர்கள் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்தபடி நின்றிருந்தான். டென்மார்க்கிலிருந்து வந்து எட்டு நாள் ஆகியிருந்தது. பெயர் மிக்கேல்.

"என்னால சண்டை வேண்டாம், அம்மா," என்றான். "அண்ணைதான் மூத்தவர். என்ர பாஸ்போர்ட்டில எழுபத்தஞ்சாம் ஆண்டு எண்டு கிடக்கு."

"கேட்டியாம்மா? அவனே சொல்லிட்டான்!" என்றான் கிளெமென்ட்.

"அவனுக்கு என்னடா தெரியும்? அவனப் பெத்தப்ப பக்கத்துல நின்னு பாத்தானா?"

மிக்கேல் பேசுகிற தமிழைப் பற்றித் தெருவில் ஏற்கெனவே பெரிய விவாதம் நடந்து முடிந்திருந்தது. டென்மார்க்கில் அவன் ஊரில் யாழ்ப்பாணத்துக்காரர்கள் நிறையப் பேர் குடியேறியிருக்கிறார்களாம். அவர்களில் ஒரு டீச்சரம்மாவிடம் மாலை வகுப்புப் போய் இரண்டு வருஷம் தமிழ் படித்திருக்கிறான். அதனால் வாயைத் திறந்தால் பழைய இலங்கை ரேடியோ கேட்கிற மாதிரி இருந்தது. நிறத்தைப் பொறுத்தவரை தெருவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். வெள்ளைக்கார நாட்டிலிருந்து வருகிறான் என்று பஸ் ஸ்டாண்டுக்குப் பதினெட்டுப் பேர் போயிருந்தார்கள். இறங்கியவன் கிளெமென்ட்டை விட ஒரு கை கறுப்பாக இருந்தான். "இவனப் பாக்கவா முதுகு வலியோட வந்தேன்? நம்ம ஆசாரி முனியப்பன் அரைக்கால் சட்டை போட்டா இப்படித்தான் இருப்பான்," என்றாள் பேச்சாயி. ஆனால் அவள்தான் முதலில் அழுதாள் என்பதற்குச் சாட்சி உண்டு.

செபாஸ்தியம்மாள் அழவில்லை. நேரே போய் அவன் தலையைக் குனியவைத்து, இரண்டு காதையும் பிடித்து இழுத்துப் பார்த்தாள். இரண்டு காதிலும் தூர்ந்துபோன ஓட்டை இருந்தது. டென்மார்க்கில் ஆண்பிள்ளைக்குக் கைக்குழந்தையிலேயே காது குத்துகிற வழக்கம் இல்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்தபோது, தழும்பு எப்படி வந்தது என்று அவனை வளர்த்தவர்களுக்கே சொல்லத் தெரியவில்லையாம். "ஒம்பதாம் மாசம் குத்துனது," என்று அவள் பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கும்படி சொன்னாள். அதோடு விசாரணை முடிந்தது.

கதையின் முன்பகுதி தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் இருந்தவர்கள் கிளெமென்ட்டும் ரீனாவும் மட்டும்தான். 1975இல் அவர்களுடைய அப்பா ஆரோக்கியதாஸ் காசநோயோடு மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தார். செபாஸ்தியம்மாள் ஏழு மாசம். இடுப்பில் பதினோரு மாசப் பிள்ளை. ஆஸ்பத்திரிக்குள் பிள்ளையை விடமாட்டார்கள் என்பதால், வெளியூரில் யாரோ நடத்திய ஒரு பிள்ளைகள் இல்லத்தில், நாலு மாசம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டாள். காகிதத்தில் கைநாட்டு வாங்கினார்கள், வைத்தாள். அடுத்தவனைப் பெற்று, புருஷனையும் தேற்றிக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டபோது, பிள்ளை ஏரோப்பிளேன் ஏறி ஒரு மாசம் ஆகியிருந்தது. நாலைந்து வருஷத்தில் அந்த இல்லமே மூடிப்போயிற்று. யாரிடம் போய்க் கேட்பது? அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை. அதாவது பேச்சாயியிடம் மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் இருபத்தைந்து வருஷம் தெருவே கூடி அந்த இரண்டு பிள்ளைகளிடமிருந்து அதை மறைத்து வைத்தது. மற்ற விஷயங்களில் பல்துலக்குவதற்குள் செய்தி பரப்புகிற தெரு அது. இதில் மட்டும் எப்படி வாயைக் கட்டியது என்று தெருவுக்கே இன்னும் விளங்கவில்லை.

ஒன்றரை வருஷம் முன்பு டென்மார்க்கிலிருந்து பங்குச் சாமியாருக்கு ஒரு கடிதம் வந்தது. தன் காகிதங்களில் கோயில் பெயரும் செபாஸ்தியம்மாள் என்ற பெயரும் மட்டும் இருக்கின்றன, ஆள் யார் என்று தெரியுமா என்று கேட்டிருந்தான். சாமியார் அதை, கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார் சேவியரிடம் கொடுத்தார். சேவியர் எந்த ரிஜிஸ்டரையும் புரட்டவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே இந்த வீட்டுக்கு வந்தார். விஷயத்தைக் கேட்ட செபாஸ்தியம்மாள் உள்ளே போய் உலையில் ஒரு படி அரிசி கூடப் போட்டாள். அவன் வர இன்னும் ஒன்றரை வருஷம் ஆகும் என்று யார் சொல்லி அவளுக்குப் புரியவைப்பது? அந்தச் சோற்றைத் தெருவே தின்றது.

முதல் போன் கிளெமென்ட்டின் பூத்துக்குத்தான் வந்தது. ஒரு ஆள் நிற்கிற கண்ணாடிக் கூண்டுக்குள் ஏழு பேர் நின்றார்கள். செபாஸ்தியம்மாள் ரிசீவரை வாங்கி, "சாப்டியாப்பா?" என்றாள். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. கடைசியில் அவன், "ஓம், அம்மா. சாப்பிட்டனான்," என்றான். அவ்வளவுதான். ரிசீவரை வைத்ததும் கூண்டுக்குள் இருந்த ஏழு பேரும் ஒரே நேரத்தில் வெளியே வரப் பார்த்ததில் கதவின் கீல் பெயர்ந்தது.

சரி, சண்டைக்கு வருவோம்.

கிளெமென்ட்டைப் பிடிவாதக்காரன் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அவன் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அப்பா செத்தபோது அவனுக்குப் பத்தொன்பது, இருபது. அன்றைக்குக் கொள்ளி வைப்பதற்குப் பதிலாக மண் தள்ளியது அவன். தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்து, மாப்பிள்ளை பிராங்கிளின் வீட்டார் கேட்ட பீரோவின் நிறத்துக்காக மூன்று கடை ஏறி இறங்கியது அவன். மூத்தவன், மூத்தவன் என்று ஊர் சொல்லச் சொல்ல அந்த வேலையெல்லாம் பார்த்துவிட்டு, பிள்ளையை மடியில் வைக்கிற நேரத்தில் மட்டும் எழுந்து போ என்றால்?

இன்னொன்றும் இருந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை, தெருவே கண்டுபிடித்தது. மிக்கேல் அவனை 'அண்ணை' என்று கூப்பிட்டான். கூப்பிடும்போதெல்லாம் கிளெமென்ட்டின் முதுகு ஒரு அங்குலம் நிமிர்ந்தது. "டென்மார்க்கில நான் ஒரே பிள்ளை," என்று மிக்கேல் பூத்தில் உட்கார்ந்து ஒருநாள் சொன்னான். "சின்னனில எல்லாருக்கும் அண்ணைமார் இருந்தவை. எனக்கு இல்லை. இப்ப இருக்கு. சரியான சந்தோசம்." அன்றைக்கு கிளெமென்ட் வந்தவர்களுக்கெல்லாம் ஜெராக்ஸ் இரண்டு காப்பி எடுத்துவிட்டான்.

ஜெராக்ஸ்காரன் என்பதால் அவனுக்குக் காகிதத்தின்மேல் நம்பிக்கை அதிகம். யார் வந்து எது சொன்னாலும் முதலில், "ஒரிஜினல் இருக்கா?" என்றுதான் கேட்பான். அன்றைக்கும் அம்மாவிடம் அதையேதான் கேட்டான்.

"எஸ்.எஸ்.எல்.சி. சர்ட்டிபிகேட்டுல எனக்கு 20-5-74. அவன் பாஸ்போர்ட்டுல 12-3-75. யாரு மூத்தவன், நீயே சொல்லு."

"அவனக் குடுத்தப்ப நீ வயித்துல ஏழு மாசம்டா!"

"அதுக்கு ஒரிஜினல் எங்க?"

"ஒரிஜினலா? நான்தாண்டா ஒரிஜினல்!"

தெரு கைதட்டியது. பேச்சாயி தேதிகளைக் கேட்டு விரலைவிட்டு எண்ணினாள். "மே போயி, ஜூன் ஒண்ணு... மார்ச்சு பத்து. ஏலே கிளெமென்ட், நீ பொறந்து பத்தாம் மாசம் அவன் பொறந்தானா? ஒன்னையப் பெத்த படுக்கையில இருந்து ஒங்காத்தா எந்திரிக்கவே இல்லையா? ஆரோக்கியதாஸ் அம்புட்டு அவசரக்காரரா?"

"ஏ பேச்சாயி, வாயை மூடு!" என்றாள் செபாஸ்தியம்மாள். முகம் சிவந்திருந்தது, சிரிப்பும் வந்துவிட்டது.

எந்தக் காகிதம் பொய் சொல்கிறது என்பதும் தெருவுக்குத் தெரியாதது இல்லை. இரண்டுமே பொய்தான். வெளியூர் இல்லத்தில் பிள்ளையின் பிறந்த தேதியை யாரும் கேட்டு எழுதவில்லை. எலும்பும் தோலுமாக இருந்த பிள்ளையைத் தூக்கிப் பார்த்து, ஆறு மாசம் இருக்கும் என்று குத்துமதிப்பாகப் போட்டுக்கொண்டார்கள். கிளெமென்ட்டின் கதை வேறு. செபாஸ்தியம்மாள் வேலைக்குப் போக வேண்டும், பிள்ளையை எங்கே விடுவது? மூன்றரை வயதில் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள். வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொட்டால் ஐந்து வயது என்பது அன்றைய கணக்கு. கை எட்டவில்லை. ஹெட்மாஸ்டர் நல்ல மனுஷன். பிள்ளையின் தலையைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தார். காது கைக்கு வந்துவிட்டது. ஐந்து வயதுக்கு எந்தத் தேதி வேண்டுமோ அந்தத் தேதியை எழுதிக்கொண்டார். ஒன்றாம் வகுப்பை கிளெமென்ட் இரண்டு வருஷம் படித்ததற்குக் காரணம் அதுதான். அறிவுக்குறைவு என்று சொல்பவர்கள் பொறாமைக்காரர்கள்.

இதெல்லாம் தெரிந்தும் தெரு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. உண்மை தெரிந்துவிட்டால் சண்டை நின்றுவிடுமே என்கிற கவலைதான்.

இரண்டு நாள் கழித்து ஒரு புதுச் சிக்கல் ஸ்கூட்டரில் வந்து இறங்கியது. சின்னாளப்பட்டியில் ஒன்றாம் வகுப்பு டீச்சராக இருந்த ஆனந்தமேரிக்கும் கிளெமென்ட்டுக்கும் வைகாசியில் கல்யாணம் என்று பேச்சு முடிந்திருந்தது. பேச்சு முடிவதற்கு முன்பே அவள் தினமும் ஒரே காகிதத்தை ஜெராக்ஸ் எடுக்க வந்துகொண்டிருந்தாள் என்பது வேறு விஷயம். ஸ்கூட்டரில் வந்தவர் அவளுடைய அப்பா, ரிட்டயர்டு வாத்தியார்.

"தம்பி, ஊருக்குள்ள ஒரு பேச்சு கேட்டேன்," என்றார். "வெளிநாட்டுலேர்ந்து வந்திருக்குறது ஒங்க அண்ணனா, தம்பியா?"

கிளெமென்ட் ஜெராக்ஸ் மிஷினின் மூடியைத் திறந்து மூடினான். "ஏன் கேக்குறீங்க, சார்?"

"தம்பின்னா பேச்சே இல்ல. அண்ணன்னா... கல்யாணம் ஆகாத மூத்தவன நிறுத்தி வச்சுக்கிட்டு எளையவனுக்குப் பொண்ணக் குடுத்தா, எங்க பங்காளிங்க கோயில்லயே வச்சுக் கேப்பாங்க. மூத்தவருக்கு முடியட்டும்னு காத்திருக்க வேண்டியதுதான். அவருக்கு அங்க ஏதும் ஏற்பாடு இருக்கா?"

ஏற்பாடு இருந்தது. மிக்கேலின் பையில் ஒரு பொன்னிறத் தலைமுடிக்காரியின் போட்டோ இருந்ததை வந்த அன்றைக்கே பேச்சாயி பார்த்துவிட்டாள். பெயர் கிர்ஸ்டன். "பொண்டாட்டியாப்பா?" என்று கேட்டதற்கு, "இல்லை, ஆறு வருசமா ஒண்டா இருக்கிறம்," என்று அவன் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டான். செபாஸ்தியம்மாள் குறுக்கே விழுந்து, "நிச்சயம் பண்ணிருக்குன்னு சொல்றான்," என்று தெருவுக்கு மொழிபெயர்த்தாள்.

"அவன் தம்பிதான், சார்," என்றான் கிளெமென்ட். குரல் கொஞ்சம் மெலிந்துதான் வந்தது. வாத்தியார் நிம்மதியாக ஸ்கூட்டரை உதைத்தார்.

அன்று மத்தியானமே கிளெமென்ட் கோயில் ஆபீசுக்குப் போனான். அவனுக்கும் ஒரு ஒரிஜினல் தேவைப்பட்டது. அம்மாவுக்குத் தேதி குழம்பியிருக்கலாம் என்று உள்ளூர ஒரு நப்பாசை. சேவியர் அலமாரியிலிருந்து ஞானஸ்நான ரிஜிஸ்டரை எடுத்து, தூசியைத் தன் வேட்டியில் தட்டாமல் கிளெமென்ட்டின் சட்டையில் படும்படி தட்டினார்.

"எழுபத்தஞ்சு... இந்தா நீ. கிளெமென்ட், பொறந்தது நவம்பர் 23. முன்னால புரட்டு. எழுபத்துநாலு. இந்தா ஒங்கண்ணன் இருக்காரு, அப்ப வச்ச பேரு ராயப்பராஜ். அக்டோபர் 4. தாய் செபாஸ்தியம்மாள், தகப்பன் ஆரோக்கியதாஸ்." சேவியர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எனக்கு அப்பவே தெரியும். யாரும் கேக்கல."

கிளெமென்ட் பார்த்தது தேதியை மட்டும் இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஓரத்தில், கோயில் சடங்குகள் முடிய முடிய நிரப்புகிற சின்னச் சின்னக் கட்டங்கள் இருந்தன. புதுநன்மை, உறுதிபூசுதல், கல்யாணம். அவனுடைய வரிசையில் முதல் இரண்டும் நிரம்பியிருந்தன. ராயப்பராஜ் வரிசையில் எல்லாமே காலி. முன்னும் பின்னும் இருந்த பெயர்களுக்கு ஏதாவது ஒன்று எழுதியிருந்தது. செத்த பிள்ளைகளுக்குக்கூட ஒரு சிலுவையும் தேதியும் போட்டிருந்தது. இவனுக்கு ஒன்றுமில்லை.

"காப்பி வேணுமா?" என்றார் சேவியர்.

"வேணும். முத்திரை போட்டுக் குடுங்க."

அந்தக் காகிதத்தை எட்டாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். யாரிடமும் சொல்லவில்லை. சேவியரும் யாரிடமும் சொல்லவில்லை, சைக்கிளில் வீட்டுக்குப் போகும் வழியில் பார்த்த நாலு பேரைத் தவிர.

ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்து ஆத்தூர் போனார்கள். சீர்த்தட்டுகள் முப்பத்தொன்று, கொட்டுக்காரர்கள் ஐந்து பேர், மாலை போட்ட கிடாய் ஒன்று. கிடாயைப் பிடித்துக்கொண்டு மிக்கேல் முன்னால் நடந்தான். கிடாய் பிரியாணிக்குத்தான் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. வழியெல்லாம் அதனோடு டேனிஷ் மொழியில் பேசிக்கொண்டு வந்தான். கொட்டுச் சத்தம் ஏற ஏற அவன் தோளும் குலுங்க ஆரம்பித்தது. பேச்சாயி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அவனுக்கு எதிரே ஆடினாள். அவளுடைய முதுகு வலி என்ன ஆயிற்று என்று யாரோ கேட்டதற்கு, "அது திண்டுக்கல்லுலயே எறங்கிருச்சு," என்றாள்.

பந்தலில் ஆசாரி முனியப்பன் ஊசியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். கிளெமென்ட் பட்டு வேட்டியோடு மனையில் உட்காரப் போன நேரத்தில் செபாஸ்தியம்மாள் வந்து தோட்டுப் பெட்டியை அவன் கையில் கொடுத்தாள். நாலு நாளாகக் கத்திய குரல் காணாமல் போயிருந்தது.

"சரிடா. நீயே உக்காரு. அவனுக்கு ஒண்ணும் வருத்தமில்ல, அவந்தான் சந்தோசமா இருக்கானே. எனக்குத்தான்... இந்த மடியிலேர்ந்துதான எறக்கிக் குடுத்தேன். அவன் மடியில ஒரு பிள்ளைய வச்சுப் பாக்கணும்னு இருந்துச்சு. போகட்டும். நேரமாச்சு, உக்காரு."

சொல்லிவிட்டுப் பின்வரிசைக்குப் போய், பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேடையைப் பார்க்கவில்லை. சமையல் பக்கம் பார்த்தாள்.

கிளெமென்ட் உட்கார்ந்தான். ரீனா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எதிரே மிக்கேல் வீடியோ கேமராவைக் கண்ணில் வைத்து, "அண்ணை, இஞ்ச பாருங்கோ," என்றான். முதல் வரிசையில் ஆனந்தமேரியின் அப்பா காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் ஆனந்தமேரி.

கிளெமென்ட் எழுந்துவிட்டான்.

"ஒரு நிமிஷம், ஆசாரி." பைக்குள் கைவிட்டு, எட்டாக மடித்த காகிதத்தைப் பிரித்தான். கொட்டுக்காரர்கள் நிறுத்தினார்கள். "கோயில் ரிஜிஸ்டர்ல பாத்தேன். ராயப்பராஜ், 4-10-74. கிளெமென்ட், 23-11-75. முத்திரை இருக்கு. ஒரிஜினல் இருக்கு." காகிதத்தைப் பந்தல் பக்கம் திருப்பிக் காட்டினான். "பள்ளிக்கூடத்துல என் தலையச் சாச்சுப் பிடிச்சுட்டாங்க. நான் எளையவன். அண்ணே, கேமராவைக் கீழ வச்சுட்டு வந்து உக்காருங்க."

மிக்கேலுக்கு விளங்கவில்லை. "என்ன அண்ணை?"

"அண்ணை இல்ல. நீங்கதான் அண்ணே. எழுபத்துநாலு. வாங்க!"

பந்தல் இரைந்தது. முதல் வரிசையில் வாத்தியார் வாய்க்குக் கொண்டுபோன காப்பியைக் கீழே வைத்தார். அவருக்குப் பின்னால் ஆனந்தமேரி கண்ணை மூடித் திறந்தாள். வைகாசி போயிற்று என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அவள் சிரித்தாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொல்கிறார்கள்.

மிக்கேல் மனையில் உட்கார்ந்தான். அங்கேதான் யாரும் நினைத்துப்பார்க்காத இடைஞ்சல் வந்தது. அவனுக்குச் சம்மணம் போட வராது. இருபத்தேழு வருஷம் நாற்காலியிலேயே உட்கார்ந்த கால். ஒரு முழங்காலை மடக்கினால் மற்றது காதுக்குப் பக்கத்தில் எழும்பியது. பிள்ளையை எங்கே வைப்பது? "மடியே இல்லையேப்பா இவருக்கு!" என்றார் ஆசாரி. பந்தலில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஸ்டூல் போடு என்றார் ஒருவர். பெஞ்சில் உட்காரவை என்றார் இன்னொருவர். தரையில் உட்கார்ந்தால்தான் மடி என்றாள் பேச்சாயி.

கிளெமென்ட் பட்டு வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு அவனுக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்தான். அண்ணனுடைய இரண்டு முழங்கால்களிலும் தன் இரண்டு கையையும் வைத்துக் கீழே அழுத்தினான். "வலிக்குதா?" "ஓம்." "பொறுத்துக்கங்க." மடி வந்தது. ரீனா பிள்ளையை வைத்தாள். கொட்டு முழங்கியது.

ஷெரின் போட்ட கூச்சலில் கிடாய் கயிற்றை அறுக்கப் பார்த்தது. பிடிக்க ஏதும் கிடைக்காமல் அவள் மாமனுடைய காதைப் பிடித்துத் திருகினாள். மிக்கேலின் கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றியது. முழங்கால் வலியா, காது வலியா, வேறு எதுவுமா என்று தெரு இன்றுவரை முடிவுக்கு வரவில்லை. பின்வரிசையில் செபாஸ்தியம்மாள் பந்தல்காலை விட்டுவிட்டு முன்னால் வந்திருந்தாள். "பாத்துக் குத்துங்க, ஆசாரி," என்றாள். "ஓட்டை தூந்துபோகாம குத்துங்க."

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் கிளெமென்ட் தன் கையால் தேடிக்கொண்டது. மிக்கேல் ஊருக்குப் போன மறுவாரத்திலிருந்து, தன் பூத்திலிருந்தே டென்மார்க்குக்குப் போன் போட்டான். கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தியும் வெளியே கேட்டது. "அண்ணே, சீக்கிரம் கல்யாணம் பண்ணுங்கண்ணே... ஒண்ணா இருந்தாப் பத்தாதுண்ணே... இல்லண்ணே, எனக்காகண்ணே!" பத்து மாசம் அப்படிக் கெஞ்சினான். ஆனந்தமேரி பத்து மாசமும் ஜெராக்ஸ் எடுக்க வந்தாள்.

2003 ஜனவரியில் கிர்ஸ்டனும், மிக்கேலை வளர்த்த அப்பா அம்மாவும், கிர்ஸ்டனின் தம்பி யென்ஸும் திண்டுக்கல் வந்து இறங்கினார்கள். மாதா கோயிலில் கல்யாணம். அவர்கள் வேறு சபை என்று சிலர் முணுமுணுத்தார்கள், பந்தி போட்டதும் நிறுத்திக்கொண்டார்கள். வளர்த்த அம்மாவும் பெற்ற அம்மாவும் ஒரே நிறத்தில் சுங்குடிச் சேலை கட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை புரியாமல் மூன்று நாள் பேசிக்கொண்டே இருந்தார்கள். அடுத்த புதன்கிழமை கிளெமென்ட்டுக்கும் ஆனந்தமேரிக்கும் கல்யாணம். சேவியர் இரண்டு கட்டங்களையும் ஒரே பேனாவால் நிரப்பினார், மூத்தவருடையதை முதலில்.

செல்போன் வந்து பூத்தை மூடிய பிறகு, கிளெமென்ட் மனைவியோடு சின்னாளப்பட்டிக்குக் குடிபோனான். காந்திகிராமத்து மாணவர்களுக்கு ஜெராக்ஸ் எடுத்தே இப்போது நன்றாக இருக்கிறான். ரீனாவும் பிராங்கிளினும் ஆத்தூரில்தான். பேச்சாயி மகனோடு சித்தையன்கோட்டைக்குப் போய்விட்டாள், அங்கே தெரு சரியில்லை என்கிறாள். செபாஸ்தியம்மாள் ஒருமுறை டென்மார்க் போய் மூன்று மாசம் இருந்துவிட்டு, அங்கே யாரும் சத்தமாகப் பேசமாட்டேன் என்கிறார்கள் என்று திரும்பிவிட்டாள்.

மிக்கேலுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. 2007இல் காதுகுத்துக்குத் திண்டுக்கல்லுக்கே கொண்டுவந்தார்கள். தாய்மாமன் மடிதான் வேண்டும், அதில் வேறு பேச்சே கிடையாது என்று செபாஸ்தியம்மாள் சொல்லிவிட்டாள். தாய்மாமன் யென்ஸ், ஆறடி மூன்று அங்குலம், மனையில் உட்கார்ந்தான். சின்னாளப்பட்டியிலிருந்து காலை பஸ்ஸில் வந்திருந்த கிளெமென்ட் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு எதிரே குத்தவைத்தான். இந்தத் தடவை ஒரு முழங்காலை அவன் அழுத்தினான். மற்றதை அவனுடைய அண்ணன்.